ரூபாய் காகிதமாகிப் போனால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பள வேலை, மனைவி வீட்டிலேயே தையல், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம், சர்க்கரை நோயும் உண்டு. எஃப்டியில் நான்கு லட்சம், வங்கியில் அடகில் பன்னிரண்டு சவரன், இது போக வீட்டுக் கடன் தவணை. ஜிம்பாப்வேயிலும் இலங்கையிலும் ஆன மாதிரி இங்கேயும் பணம் மதிப்பில்லாமல் போனால் சாதாரண ஜனங்கள் எப்படிப் பிழைப்பார்கள், இப்போதே மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போடவா, தங்கக் காசு வாங்கவா?

என்னைப் பற்றி ஒரு வரி. வங்கி வேலையில் பெரும்பாலான காலம் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருந்தவன், இப்போது ஓய்வு பெற்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். சம்பந்தி வழியில் வவுனியாவில் ஒரு குடும்பம் இருக்கிறது, 2022 முழுக்க அவர்கள் பாட்டை போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜெர்மனி, அர்ஜென்டினா, ஜிம்பாப்வே பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்ட இரண்டு நாடுகளைப் பிரித்துவிடுவோம். மாதத்துக்கு 50 சதவீதம் விலை ஏறினால்தான் அது மீப்பணவீக்கம் என்று பிலிப் கேகன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1956இல் ஒரு கோடு போட்டார், இன்றும் எல்லோரும் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 50 என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அதே வேகத்தில் போனால் இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருள் அடுத்த வருடம் இதே நாளில் 13,000 ரூபாய். ஜிம்பாப்வே 2008இல் அதையும் எங்கேயோ தாண்டிப் போனது. 2009 ஜனவரியில் அவர்கள் அடித்த மிகப் பெரிய நோட்டின் மதிப்பை நம் கணக்கில் சொன்னால் ஒரு கோடி கோடி டாலர். 1946 ஜூலையில் ஹங்கேரியில் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டிப்பானது, அதை விட மோசம் எங்கேயும் பதிவாகவில்லை. இலங்கையில் 2022 செப்டம்பரில் தொட்ட உச்சமே வருடத்துக்கு 70 சதவீதத்தை ஒட்டித்தான், சாப்பாட்டுப் பொருள் மட்டும் 95ஐ ஒட்டி. அங்கே ரூபாய் படுத்ததே தவிர சாகவில்லை. கையில் டாலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பலும் எரிவாயுக் கப்பலும் மருந்தும் பால்மாவும் வரவில்லை. ஒன்றில் பணம் இருந்தும் அதற்கு மதிப்பில்லை, இன்னொன்றில் காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் சாமான் இல்லை. பிழைக்கும் வழியும் அதற்கேற்ப மாறும்.

நம் ஊரில் வருமா என்றால், ஜிம்பாப்வே மாதிரி வருவதற்கான காரணங்கள் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. சுதந்திர இந்தியாவில் 1974இல் விலைவாசி ஏற்றம் வருடத்துக்கு 28 சதவீதத்தைத் தாண்டியது, அதுதான் மோசமான காலம். 1991இல் இங்கிலாந்து வங்கியில் 47 டன் தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு நாடு வந்தபோதுகூட அந்த வருட சராசரி 14ஐ ஒட்டித்தான் இருந்தது. அரிசி கோதுமை நாமே விளைவிக்கிறோம், அரசாங்கத்தின் கடனில் பெரும்பங்கு ரூபாயிலேயே இருக்கிறது. சரி, நீங்கள் கேட்டது வருமா என்று இல்லை, வந்தால் என்ன செய்வது என்றுதானே.

பணம் சாகும் ஊரில் யார் பிழைத்தார்கள் யார் நொடித்தார்கள் என்று பார்த்தால் பணக்காரன் ஏழை என்ற கோட்டை விட இன்னொரு கோடுதான் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் உழைப்பு பணமாக மாறி, அந்தப் பணம் மறுபடி பொருளாக மாறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது? அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்லும். 1923இல் ஜெர்மனியில் கூலியைத் தினமும் கொடுத்தார்கள், கடைசி மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூடக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் ஆலை வாசலில் பையோடு நின்று புருஷன் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள், மதியம் புது டாலர் விலை வந்துவிட்டால் அந்தக் கட்டில் பாதிதான் தேறும். போருக்கு முன்னால் ஒரு டாலருக்கு 4.2 மார்க், 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அந்தக் கணக்கில் ஆலைத் தொழிலாளி அரைவயிறாகவாவது சாப்பிட்டான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பத்திரமாக வங்கியில் போட்டு வைத்திருந்த வாத்தியாரும், யுத்தக் கடன் பத்திரம் வாங்கிய விதவையும்தான் பூண்டோடு போனார்கள்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் போடுகிறவருக்கு விலை தினமும் புதிதாகத்தான் பிறக்கிறது, நேற்றைய விலை அவரைக் கட்டாது. டீசல் கிடைக்கிற வரைக்கும் அவர் பிழைத்துக்கொள்வார். அதே தெருவில் மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், இன்று நாம் பார்த்துப் பெருமூச்சு விடும் அந்த ஆள், முதல் மாதத்திலேயே தடுமாறுவார். ஜிம்பாப்வேயில் 2008இல் வாத்தியார்களின் சம்பளம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பஸ் செலவுக்குக் கூடப் பத்தவில்லை, பலர் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள், பள்ளிகள் மூடிக் கிடந்தன. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சிப்காட் சம்பளத்தை விட உங்கள் மனைவியின் தையல் மிஷின்தான் அன்றைக்கு நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் ஜாக்கெட்டுக்குக் கூலி என்ன என்பதை அவர் அன்றன்று காலையில் முடிவு செய்யலாம், அரிசியாகவும் கேட்டு வாங்கலாம். புதுச் சட்டை தைக்க ஆள் வராது, ஆனால் பழசைப் பிரித்துத் தைக்க, பெரிய பையன் கால்சட்டையைச் சின்னவனுக்குச் சுருக்க என்று வருவார்கள்.

புதுச்சேரியில் இன்னொரு ரகம் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களை இங்கே சொல்தா வீடு என்போம், பிரான்சிலிருந்து யூரோவில் ஓய்வூதியம் வருகிறது. ரூபாய் விழ விழ அந்த வீட்டின் கை ஓங்கும், தெருவே அங்கே போய் நிற்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, வெனிசுவேலாவிலும் ஜிம்பாப்வேயிலும் லெபனானிலும் நடந்தது இதுதான். வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும் வீடு, இல்லாத வீடு என்று ஊர் இரண்டாகப் பிரிந்துபோனது. வெனிசுவேலாவை விட்டு 70 லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள், மிச்சம் இருந்தவர்களில் எத்தனையோ பேர் அவர்கள் அனுப்பிய டாலரில்தான் சாப்பிட்டார்கள். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஜிம்பாப்வேக்கு வேன்காரர்கள் மாவு, எண்ணெய், சோப்பு என்று மூட்டை கட்டிக் கொண்டுபோய் வீடு வீடாக இறக்கினார்கள், நம் சிங்கப்பூர் சாமான் மாதிரி. பிழைக்கும் வழி என்று புத்தகத்தில் எழுதுகிறவர்கள் கத்தி, டார்ச், டின் சாப்பாடு என்று அடுக்குகிறார்கள். துபாயில் இருக்கும் மச்சானைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

அடுத்து நம் ஆட்கள் யோசிக்காத ஒன்று: கடன். மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் பழக்கம் பணம் சாக ஆரம்பித்த முதல் வாரமே முடிந்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, இன்று விற்ற பருப்பின் காசை முப்பது நாள் கழித்து வாங்கினால் அதே பருப்பை அவரால் மறுபடி வாங்கிப் போட முடியாது. ஏலச்சீட்டும் அப்படித்தான் உடையும். முதல் மாதமே எடுத்தவர் கொழுப்பார், கடைசி வரை காத்திருந்தவருக்கு ஒரு கிலோ வெங்காயம் வாங்கும் பணம் வரும், அது தெரிந்த பிறகு யார் கடைசியில் எடுக்கச் சம்மதிப்பார்கள்? தீபாவளிச் சீட்டு பிடிக்கிறவர் தீபாவளிக்கு முன்பே ஊரில் இருக்கமாட்டார். மொய் நோட்டு வைத்திருக்கிறவர்கள் பாவம், ஐயாயிரம் எழுதினவர்களுக்கு ஐயாயிரமே திரும்பும். தண்டல்காரர் மட்டும் தப்பிப்பார், தினம் வசூல் தினம் வட்டி என்று அவர் தொழிலே இதற்காகச் செய்தது போல இருக்கிறது.

கடன் வாங்கினவன் தப்பித்துவிடுவான், கடன் தூசாகிவிடும் என்றும் சொல்வார்கள். ஜெர்மனியில் அடமானக் கடனை எல்லாம் ஒரு முட்டை விலையில் அடைத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் 1925இல் ஒரு சட்டம் போட்டு அந்த அடமானங்களுக்குப் பழைய தங்க மதிப்பில் கால்வாசியைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக் கடன் எந்த வகை என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மாதிரி ஒரு வெளி அளவோடு கட்டப்பட்டவை, அது ஏறினால் உங்கள் வட்டியும் தானாக ஏறும். இலங்கையில் மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தாவலில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. கடன் தூசாவதற்கு முன்னால் தவணை உங்களைத் தூசாக்கிவிடும்.

கடையில் சாமான் இருக்குமா என்பது தனிக் கதை. 2007இல் ஜிம்பாப்வே அரசாங்கம் எல்லா விலையையும் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டது. ஜனங்கள் இரண்டு நாள் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனார்கள், அப்புறம் அலமாரிகள் காலி, பொருளெல்லாம் கடைக்குப் பின்வாசல் வழியாகப் பல மடங்கு விலைக்கு. நட்டத்துக்கு விற்கச் சொன்னால் யாரும் அடுத்த லோடு எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ரேஷனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011லிருந்து அரிசி இலவசம், அதுவும் அரிசியாகவே கையில் வருகிறது. புதுச்சேரியில் பல வருடம் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன, அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். விலைவாசி சும்மா இருக்கும் காலத்தில் எது நல்லது என்று இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம். பணம் சாகும் காலத்தில் வாதமே கிடையாது, இருபது கிலோ அரிசி என்றைக்கும் இருபது கிலோ அரிசிதான், அதற்குப் பதில் வரும் அறுநூறு ரூபாய் அடுத்த மாதம் இரண்டு கிலோ ஆகிவிடும். கடலூர் பக்கம் இருக்கும் உங்களுக்கு அந்த அட்டை எந்த எஃப்டியையும் விடப் பெரிய காப்பு. உங்கள் அட்டை சர்க்கரை அட்டையாக இருந்தால் அரிசி அட்டையாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

அரிசி மூட்டை வாங்கி அடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், ஒன்றரை மாதத்துக்கு மேல் வேண்டாம். நம் கடலோரக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, நான்காவது மாதம் வண்டு வந்துவிடும். அதை விட முக்கியம், மற்றவர் வீட்டில் உலை காயும்போது உங்கள் வீட்டில் பத்து மூட்டை இருப்பது ஒரு வாரம் கூட ரகசியமாக இருக்காது. தானே புயல் 2011 டிசம்பர் 30இல் நம் தலையில் விழுந்ததே, மரமெல்லாம் போய் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என்னென்ன கிடைக்கவில்லை என்று நினைத்துப் பாருங்கள். அரிசி கிடைத்தது. மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், பால், குடிதண்ணீர், மோட்டார் ஓட்ட ஒரு ஜெனரேட்டர், இதற்குத்தான் ஆள் ஆளுக்கு வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். சோறு பொங்க அரிசி மட்டும் போதாது என்பது அந்தப் பத்து இருபது நாளில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்துபோனது. அடி பம்பு இருந்த தெருக்காரர்கள் தண்ணீருக்கு அலையவில்லை. இப்போது அதையும் பிடுங்கிவிட்டு எல்லா இடத்திலும் மோட்டார் போட்டுவிட்டோம்.

வவுனியா வீட்டுக்கு வருகிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. சிலிண்டர் இல்லை. கொழும்பில் அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு விறகு கிடைத்தாலும் எரிக்க இடமில்லை, வவுனியாவில் கொல்லையில் மூன்று கல்லை வைத்து உலை ஏற்றிவிட்டார்கள். பால் தேநீர் போய் பிளேன்டீ வந்தது, பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசை, பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசை, வரிசையிலேயே செத்தவர்களும் உண்டு. ஆகஸ்ட் வாக்கில் கியூஆர் அட்டை வைத்து வாரத்துக்கு இவ்வளவு லிட்டர் என்று அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பெட்ரோல் வரிசை குறைந்தது. இது நல்ல பாடம், பங்கீடு என்றால் நாம் முகம் சுளிக்கிறோம், ஆனால் ஒழுங்காக நடந்த பங்கீடு அங்கே ஜனங்களுக்கு அன்றாடத்தைத் திருப்பிக் கொடுத்தது.

சம்பந்தியம்மாவின் தங்கைதான் பெரும்பாலும் பேசுவார். எங்கள் வீட்டில் எல்லோரும் பதறினால் அவர் சிரிப்பார். "கொழும்புச் சனம்தான் கஷ்டப்படுது, எங்களுக்கு இது ரெண்டாந்தரம்" என்பார். அவர் சொன்னது 1990களின் பொருளாதாரத் தடையை. போரின்போது இலங்கை அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல், பேட்டரி, உரம், சோப்பு எதையும் விடாத காலம். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துக் கொஞ்சமாக மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கு செய்தார்கள், அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போன தலைமுறை அது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை நாலு துளி பெட்ரோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள். அந்தக் கைப்பழக்கம் ஊரில் இன்னும் மிச்சம் இருந்ததால் 2022இல் அவர்கள் செய்த முதல் வேலை பரணில் கிடந்த சைக்கிளை இறக்கி டியூப் மாற்றியது. ஒரு மாதம் கழித்து டியூபே கிடைக்கவில்லை என்றார், சைக்கிள் விலை எங்கேயோ போய்விட்டது. இன்னொன்றும் சொன்னார். வீட்டைச் சுற்றி முருங்கை, பப்பாளி, மரவள்ளி, நாலு கோழி, இதை வைத்து வயிறு நிறையாது, ஆனால் குழம்புக்குக் காசு வேண்டாம் என்பது மாதக் கணக்கில் பெரிய விஷயம். அந்த வருடம் ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டில் பயிர் வையுங்கள் என்று அரசாங்கமே சொன்னது.

மரவள்ளி என்றதும் இங்கே காரைக்கால், நாகூர், கடலூர் பக்கம் பழைய வீடுகளில் ஒரு கதை இருக்கும், மலாயாவுக்குப் போன தாத்தாக்களின் கதை. ஜப்பான்காரன் 1942இல் உள்ளே வந்ததும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும்தான். ஜப்பான்காரன் தன் இஷ்டத்துக்கு நோட்டு அடித்தான், பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் போட்டிருக்கும். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டெல்லாம் செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அதை டிரங்குப் பெட்டியில் சேர்த்தவர்கள் இருந்தார்கள், அதையே அன்றன்று துணியாகவும் நிலமாகவும் மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

பண்டமாற்று செய்துகொள்ளலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கொஞ்ச நாள் ஓடும். அர்ஜென்டினாவில் 1995இலேயே தொடங்கிய பண்டமாற்றுச் சங்கங்கள் 2002இல் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன, பீட்சா செய்து கொடுத்துவிட்டு முடி வெட்டிக்கொண்டு வரலாம், கணக்குக்குச் சங்கமே ஒரு சீட்டு அச்சடித்தது. கடைசியில் அந்தச் சீட்டையும் கள்ளமாக அடித்தார்கள், அளவுக்கு மேல் அடித்தார்கள், அதற்கும் பணவீக்கம் வந்து படுத்துவிட்டது.

இப்போது தங்கம். இது என் மேஜை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தங்கம் மதிப்பைக் காக்கும் என்பது சரி, ஆனால் நெருக்கடியில் தங்கத்தை விற்றுச் சாப்பிடுவது நீங்கள் நினைப்பது போல இல்லை. எல்லோரும் விற்க வரும் நாளில் வாங்குகிறவன் ஒருவன்தான், அவன் சொல்வதுதான் விலை. சேதாரம் என்பான், கல் எடை என்பான், உரசிப் பார்த்து மாற்று குறைவு என்பான். உங்கள் நகைக்குக் கொடுத்த செய்கூலி ஒரு பைசா திரும்ப வராது. கெட்டி ஆரமாக ஆறு சவரன் வைத்திருப்பவருக்கு ஒரு வாரச் சாமானுக்காக அதை அறுக்க மனமும் வராது, அறுத்தால் விலையும் வராது. மூக்குத்தி, குண்டுமணி, அரை கிராம் காசு, கால் பவுன் மோதிரம் என்று சின்னச் சின்னதாக இருந்தால்தான் அது செலவுக்கு ஆகும். வெனிசுவேலாவில் பொலிவார் மாநிலத்துச் சுரங்க ஊர்களில் தங்கத்தைக் கையால் கிள்ளித் துகளாக்கி, மதிப்பில்லாமல் போன நோட்டிலேயே பொட்டலம் மடித்து, முடி வெட்டவும் சாப்பிடவும் கொடுத்தார்கள். அப்படிக் கிள்ளிக் கொடுக்கிற தங்கம்தான் அன்றைக்குப் பணம்.

அடகில் இருக்கும் தங்கம் விசித்திரமானது. காகிதத்தில் பார்த்தால் உங்களுக்கு லாபம், கடன் ரூபாயில் நின்றுவிட்டது, தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது, ரூபாய் பத்தில் ஒன்றாகிவிட்டால் ஒன்றிரண்டு சவரன் விலையில் பன்னிரண்டையும் மீட்டுவிடலாம். ஆனால் அந்த மீதித் தங்கம் வங்கி லாக்கருக்குள் இருக்கிறது, வங்கி திறந்திருக்கவேண்டும். அர்ஜென்டினாவில் 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள், டாலரில் போட்டிருந்த பணத்தைப் பிறகு அரசாங்கம் வைத்த விலையில் பெசோவாகத்தான் கொடுத்தார்கள். லெபனானில் 2019லிருந்து தன் சொந்தப் பணத்தை எடுக்க ஜனங்கள் வங்கிக்குள் துப்பாக்கியோடு போகும் நிலை வந்தது, அதில் ஒரு பெண் தங்கையின் புற்றுநோய் வைத்தியத்துக்காகப் பொம்மைத் துப்பாக்கியை நீட்டினார். நம் ஊரில் 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த நோட்டு மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனபோது கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான், வெளியே நின்ற முகங்கள் எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக் காட்டி அழுதவர்கள் இருந்தார்கள். அப்புறம், நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கும் நாளில் புது வட்டி, கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ், கெடு வைத்துத் தபாலில் வந்து நிற்கும்.

அம்மா விஷயத்தைத் தள்ளி வைக்காதீர்கள், உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து அங்கேதான். அரசுக் குடும்ப ஓய்வூதியம் என்றால் அகவிலைப்படியோடு ஏறும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை. பணம் தினமும் சாகும்போது அது போதாது. ஜிம்பாப்வே 2009இல் அமெரிக்க டாலருக்கு மாறிய சில வாரத்திலேயே கடைகள் நிறைந்துவிட்டன, சில்லறை இல்லாமல் மிட்டாயும் பேனாவும் கொடுத்தார்கள், நம் கடைகள் மாதிரியே. ஆனால் பழைய சேமிப்புக்கு 2015இல் அவர்கள் வைத்த கணக்கு என்ன தெரியுமா, 1,750 கோடி கோடி வரை வங்கியில் வைத்திருந்தவருக்கு ஐந்து அமெரிக்க டாலர். வயதானவர்களுக்கு மறுபடி சம்பாதிக்கக் காலம் இல்லை. மருந்து அதை விடக் கொடுமை. 2022 மார்ச்சில் இலங்கையில் பேராதனை மருத்துவமனையில் மருந்தில்லாமல் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை நிறுத்தி வைத்தார்கள். சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம், இன்சுலினைக் குறைக்க முடியாது. அம்மா ஜிப்மரிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ மாத்திரை வாங்குகிறார் என்றால் அதோடு நிற்காமல் இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் காலாவதித் தேதி பார்த்து, பழசை முதலில் எடுத்து, சுழற்சியில் எப்போதும் கையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் பிரிட்ஜ் ஓடாத நாளில் ஈர மண்பானைக்குள் வைப்பது எப்படி என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், புயல் காலத்துக்கும் அது உதவும்.

உங்கள் நான்கு லட்சத்துக்கு வருகிறேன். அதை உடைத்துக் கடையில் புதுத் தங்கக் காசு வாங்கவேண்டாம், உங்கள் தங்கமே அடகில் இருக்கும்போது புதுசு எதற்கு. எஃப்டிக்கு வரும் வட்டியை விட நகைக்கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி அதிகமாகத்தான் இருக்கும், ஆகவே நாளைக்கு எந்த நெருக்கடியும் வராவிட்டாலும் இந்தக் கணக்கில் உங்களுக்கு நட்டம் இல்லை. ஒரு லட்சத்தை அவசரத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றில் எவ்வளவு சவரன் மீட்க முடியுமோ மீட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைத்திருந்தால் வங்கியில் பேசிச் சின்னச் சின்னக் கடனாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் கையில் காசு கிடைக்கிற போதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க முடியும். முதலில் மோதிரம், கம்மல் போன்ற சின்ன உருப்படிகளை மீட்டுவிட்டு ஆரத்தைக் கடைசிக்கு விடுங்கள். அதில் ஏழெட்டாயிரம் மிஞ்சினால் மனைவியின் மிஷினுக்கு மோட்டாரோடு காலால் மிதிக்கும் பெடலும் ஸ்டாண்டும் போட்டுக் கொடுங்கள்.